இரண்டாம் ஓலையில் எழுந்த தடை

கல்யாண ஓலையை இனிமேல் கோயிலில் வாசிக்க வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் போதும் என்று எங்கள் சபையின் இளையவர்கள் ஒரு யோசனை கொண்டுவந்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றுப்போனவளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று நினைத்திருப்பார்கள் போல. "சிஸ்டர், நீங்கதானே இவ்ளோ வருஷமா ஓலை வாசிச்சீங்க. உங்க அனுபவத்த எழுதிக் குடுங்களேன், ஒரு பக்கம் போதும்லா" என்று போனில் கேட்டார்கள். ஒரு பக்கத்தில் எனக்கு மூச்சுவிடக்கூடத் தெரியாது. ஊழியத்தில் சேர்ந்த நாளிலிருந்து நாக்கு நீளம் என்று பெயர் வாங்கியவள் நான். பொறுமையாகப் படியுங்கள்.

தெரியாதவர்களுக்காக முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கோயிலில் ஒரு கல்யாணம் என்றால், அதற்கு முன் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பெண், மாப்பிள்ளை பெயரைச் சபைக்கு முன்னால் வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, நடக்கக் கூடாது என்பதற்குக் காரணம் தெரிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். இதைத்தான் ஓலை வாசிப்பது என்கிறோம். கேட்டுவிட்டு உடனே அடுத்த அறிவிப்புக்குத் தாவக் கூடாது. தலையை நிமிர்த்தி, வலது பக்கத்து பெஞ்சுகள், இடது பக்கத்து பெஞ்சுகள், கடைசியாக வாசல் என்று நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் தாளை மடிக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் பழக்கினார்கள்.

என் படிப்பைப் பற்றி எழுத அதிகமில்லை. வேதாகமப் பள்ளியில் படித்தேன், தேறினேன், மலாக்காவுக்கு அனுப்பினார்கள், அங்கேயே நரைத்தேன். போதகர் பட்டம் எனக்குக் கிடையாது. ஞாயிறு பள்ளி, வீடு சந்திப்பு, கல்யாணத்துக்கு முன் ஜோடிகளை உட்காரவைத்துப் பேசுவது, ஓலை வாசிப்பது, இவைதான் என் வேலை.

பெரும்பாலும் தடை என்று யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்த அமைதியில் ஏதாவது குழந்தை அழும், அவ்வளவுதான். ஆனால் ஒருமுறை சுங்கை ஊடாங்கிலிருந்து ஒரு பெண் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு வாசலில் வந்து நின்றாள். வாயைத் திறக்கவில்லை. தன் கல்யாணப் படத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். மாப்பிள்ளையாகப் போகிறவன் பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவிய வேகத்தில் ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டான். இன்னொரு முறை தங்கா பத்துவில் இருந்து ஒரு பெரியவர் எழுந்து, "எனக்குத் தடை இருக்கு" என்றார். விசாரித்தால், பரிசத்துக்குத் தன்னைக் கூப்பிடவில்லையாம். தடைக்கும் தரம் உண்டு.

எந்தத் தடையாக இருந்தாலும் முறை ஒன்றுதான். கோயிலுக்குள் வாதம் கூடாது. "உங்கள் தடை கேட்கப்பட்டது, ஆராதனைக்குப் பின் வெஸ்ட்ரிக்கு வாருங்கள்" என்று மட்டும் நான் சொல்ல வேண்டும். வெஸ்ட்ரி என்பது பீடத்துக்குப் பின்னால் போதகர் அங்கி மாற்றிக்கொள்ளும் சின்ன அறை. அங்கே தலைமைப் போதகரும் கமிட்டி மூப்பர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து விசாரிப்பார்கள். நான் ஓரமாக இருப்பேன். தடை நியாயமென்றால் ஓலை நின்றுவிடும். இல்லையென்றால் தள்ளுபடி. சொன்னவரே திருப்பி எடுத்துக்கொண்டால் எல்லாருக்கும் நிம்மதி.

எங்கள் தலைமைப் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். பழைய சபை வழக்கம் அது. ஐயர் விசாரிக்கும் விதமே தனி. முதலில் எதிரே இருந்த மாமாக் சாப்பாட்டுக் கடையிலிருந்து எல்லாருக்கும் தே ஓ, அதாவது பால் கலக்காத தேநீர், வரும். கோப்பை காலியாகும்வரை பேச்சில்லை. கோபத்தோடு வந்தவர்கள் பாதிப்பேர் அந்தச் சூட்டை ஊதி ஊதிக் குடிப்பதற்குள் ஆறிவிடுவார்கள். பிறகு தடை சொன்னவர் பேசுவார். ஐயர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், குறுக்கே ஒரு சொல்கூடக் கேட்க மாட்டார். பேசி முடித்ததும், அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே, கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொல்வார். முடிவில் "நான் சொன்னது சரிதானா?" என்பார். தன் பேச்சைப் பிறர் வாயால் கேட்பது இருக்கிறதே, அது பெரிய தண்டனை. பரிசத்துப் பெரியவர் அப்படித்தான் பாதியிலேயே, "விடுங்கய்யா, வெக்கமா இருக்கு" என்று எழுந்து போனார். இந்த முறையின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. அதுவே ஒரு நாள் அவரையே மாட்டிவைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

கோவிட் முடிந்து கோயில்கள் திறந்த சமயம் அது. ரூபி என்று ஒரு பெண். டவுனில் டயாலிசிஸ் நிலையத்தில் நர்ஸ். அவள் அப்பா யாக்கோபு புலாவ் செபாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில், குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். ரூபி கட்டிக்கொள்ள விரும்பியது எமேகா என்ற நைஜீரியப் பையனை. மலாக்காவுக்கு எஞ்சினியரிங் படிக்க வந்தவன், படித்து முடித்து சுங்கை ஊடாங்கில் ஒரு காண்டிராக்ட் கம்பெனியில் வேலையில் இருந்தான். எங்கள் பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடுவான். தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, நம் பையன்களைவிட ஒழுங்காக ஒத்திகைக்கு வருவான்.

அவன் வந்த புதிதில் நம் ஆட்கள் நடந்துகொண்ட அழகையும் சொல்ல வேண்டும். அவன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தால் ஹேண்ட்பேக்கை மடிக்கு மாற்றிக்கொண்ட அக்காமார்களை நான் பெயரோடு சொல்வேன். வாடகைக்கு வீடு தேடியபோது அவன் முகத்தைப் பார்த்ததும் வீடு போய்விட்டது என்று சொன்னவர்களில் நம் சபையாரும் உண்டு. இத்தனைக்கும் அவனுக்குக் கதவைச் சாத்திய கையும் அவன் கையும் ஏறக்குறைய ஒரே நிறம். நான் சண்டை போட்டிருக்கிறேன். பிறகு பாடிப் பாடி அவனே அவர்கள் மனதை மாற்றிவிட்டான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கல்யாணப் பேச்சு வந்ததும் அவன் ஊர்ச் சபையின் சான்றிதழ், தூதரகக் கடிதம் எல்லாவற்றையும் தருவித்துச் சரிபார்த்தோம். வெளிநாட்டுப் பையன் என்பதால் இரட்டிப்பு கவனம். ஒரு குறையும் இல்லை. நிச்சயத்தன்று யாக்கோபு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் எப்போதுமே அப்படித்தான், அதிகம் பேசாத மனிதர் என்று நானும் விட்டுவிட்டேன். முதல் ஓலைக்கு அவர் வரவில்லை.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு. கேள்வியைக் கேட்டுவிட்டு, வழக்கம்போல் வலது, இடது என்று பார்த்துக்கொண்டு வருகிறேன். பின் பக்கத்து பெஞ்சிலிருந்து யாக்கோபு எழுந்தார். வெள்ளைச் சட்டை, வாரிச் சீவிய தலை. மகள் எதிரே பாடகர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"தடை இருக்கு, சிஸ்டர்."

பெண்ணைப் பெற்றவரே தடை சொல்லி நான் பார்த்ததில்லை. சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். காரணத்தை வெஸ்ட்ரியில் சொல்ல வேண்டியவர் அங்கேயே சொல்லிவிட்டார்.

"அந்தப் பையன் நோவா மகன் காமோட சந்ததி. சாபத்துக்குள்ள இருக்கிற சந்ததி. வேதத்துல இருக்கு. அதான் என் தடை."

எமேகாவுக்குத் தமிழ் அவ்வளவு புரியாது. ரூபியின் பக்கம் குனிந்து என்ன என்று கேட்டான். அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம்கூட எனக்கு இரண்டாவது அதிர்ச்சிதான். முதல் அதிர்ச்சி, பெஞ்சுகளில் நான் பார்த்த தலைகள். ஆமாம் என்பதுபோல் ஆடிய தலைகள். ஒன்று, இரண்டு அல்ல. என் ஞாயிறு பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள், உண்டியல் எண்ணுகிறவர்கள், என் கையால் கேக் வாங்கித் தின்றவர்கள்.

வெஸ்ட்ரியில் தே ஓ வந்தது. மூப்பர் ஒருவர், மெதுவாகத்தான், "வேதத்துல அப்படி ஒண்ணு இருக்குதானே, சிஸ்டர்? சும்மா கேக்கிறேன்" என்றார்.

"எங்க இருக்கு? எடுத்துக் காட்டுங்க பாப்போம். வெக்கமா இல்ல உங்களுக்கு? கண்ணாடி பாத்திருக்கீங்களா நீங்க?" என்று நான் எகிறினேன்.

"சிஸ்டர், உட்காருங்க. கோப்பை காலியாகட்டும்" என்றார் ஐயர்.

காலியானது. யாக்கோபு பேசினார். ஐயர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நோவாவுக்கு மூணு மகனுங்க. அதுல காம் தப்பு பண்ணிட்டான். அப்பன் துணியில்லாம கெடந்ததப் பாத்துட்டான். அதனால அவன் வம்சத்துக்கே சாபம். கறுப்புத் தோல் அந்தச் சாபத்தின் முத்திரை, அடிமை வேலை அந்தச் சாபத்தின் கூலி. ஆப்பிரிக்காகாரங்க அந்த வம்சம். எனக்குப் பையன் மேல கோவம் ஒண்ணும் இல்லீங்க. நல்ல பையன்தான். ஆனா சாபத்த என் வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர முடியாது."

ஐயர் வழக்கம்போல் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார். "நோவாவுக்கு மூணு மகனுங்க. அதுல காம் தப்பு பண்ணிட்டான். அப்பன் துணியில்லாம கெடந்ததப் பாத்துட்டான். அதனால அவன் வம்சத்துக்கே சாபம். கறுப்புத் தோல் அந்தச் சாபத்தின் முத்திரை, அடிமை வேலை அந்தச் சாபத்தின்..."

நின்றுவிட்டார். கண்ணைத் திறந்தார். விசாரணையில் அவர் வாக்கியத்தைப் பாதியில் விட்டு நான் பார்த்ததே இல்லை.

"இத நீங்க எங்க கேட்டீங்க, யாக்கோபு?"

யூடியூபில் எவனாவது கத்தியிருப்பான் என்றுதான் நான் நினைத்தேன். யாக்கோபு அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நீங்கதாங்கய்யா சொன்னீங்க. எங்க தோட்டத்துக் கோயில்ல. அப்ப நீங்க புதுசா வந்த சின்ன ஐயரு. நான் அப்பாகூட முன்னாடி பாய்ல உக்காந்திருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கு."

அந்த நிமிஷத்தை எழுத எனக்கு வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் நான் கீழே உட்கார்ந்து பிரசங்கம் கேட்ட மனிதர் இவர். தோட்டத்துப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடப் படியேறி அலைந்தவர். முத்திரை, கூலி என்று ஜோடி போட்டுப் பேசுவது அவருடைய பாணிதான், எங்கள் எல்லாருக்கும் தெரியும். யாக்கோபு வாயிலிருந்து அது வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்றை அவர் சொல்லியிருப்பார் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

யாக்கோபு தொடர்ந்தார். "நாமளும் காமோட புள்ளைங்கதான்னு சொன்னீங்க. அதனாலதான் இப்படி வெயில்ல காயிறோம், ஊரானுக்கு ரப்பர் பால் வெட்டுறோம்னு சொன்னீங்க."

"கிறிஸ்துவுக்குள்ள அந்தச் சாபம் நீங்கிடுச்சுன்னும் சொன்னேனே, யாக்கோபு" என்றார் ஐயர். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"சொன்னீங்க. நீங்கிடுச்சுன்னா கறுப்பு ஏங்கய்யா போகல? ஞானஸ்நானம் எடுத்த மறுநாள் அம்மாவோட கண்ணாடிய எடுத்துப் பாத்தேன். அதே கறுப்பு. எனக்கு மட்டும் நீங்கலபோலன்னு நெனச்சிக்கிட்டேன்."

அவர் எங்களைப் பார்த்து அல்ல, காலிக் கோப்பையைப் பார்த்துப் பேசிக்கொண்டு போனார். அது ரப்பர் காலம். பால் நிறுக்கும் கொட்டகையில் அவர் அப்பா வாளியைத் தவறவிட்டுவிட்டார். தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்குப் பார்க்கும் ஆபீஸ்காரர், எல்லார் முன்னாலும் அவரைக் காலால் உதைத்தார். யாக்கோபு பக்கத்தில்தான் நின்றார்.

"அப்பா எந்திரிச்சி கால்சட்டைய தட்டிக்கிட்டாரு. நான் கல்ல எடுத்தேன். அவரு என் கையப் பிடிச்சிட்டாரு. 'போடா, நம்ம வம்சத்துக்கு எழுதினது இது, ஐயரு சொன்னாருல்ல'ன்னாரு. நான் கல்ல கீழ போட்டுட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ரூபி பொறந்தப்ப அவ அம்மா கலரு, நல்ல வெளுப்பு, சிஸ்டர். தூக்கிப் பாத்துட்டு அழுதேன். நம்ம வீட்டுல அது முடிஞ்சிடுச்சுன்னு அழுதேன். இப்ப அவளே போயி அதத் திரும்பக் கூட்டிட்டு வர்றாளே."

ஒரு இனவெறியனை நாலு வார்த்தை கேட்கலாம் என்று வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் நான். என் எதிரில் இருந்ததோ, வாழ்நாள் முழுக்கத் தன்னையே சபிக்கப்பட்டவன் என்று நம்பி, அதை மகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் வராமல் காப்பாற்றப் பார்க்கும் தகப்பன். இப்படி ஒரு எண்ணத்தைச் சுமந்துகொண்டு ஒரு மனிதர் எங்கள் கோயிலுக்கு ஞாயிறு தவறாமல் வந்து போயிருக்கிறார், எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஐயர் மேஜை மேலிருந்த வேதாகமத்தை எடுத்தார். ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தை விரித்து யாக்கோபின் கையில் கொடுத்தார். "நான் வாசிக்க மாட்டேன். நீங்க வாசிங்க. வாசிச்சு எனக்குச் சொல்லுங்க."

யாக்கோபு விரலை வைத்துத் தனக்குள் வாசித்தார்.

"குடிச்சிட்டுக் கெடந்தது யாரு?"

"நோவா."

"சபிச்சது யாரு? கர்த்தரா?"

மறுபடி விரல் ஓடியது. "இல்லீங்க. நோவாதான். போதை தெளிஞ்சி எந்திரிச்சி சொல்றாரு."

"யாரச் சபிக்கிறாரு?"

"காம... இல்ல. கானான்னு போட்டிருக்கு. காமோட மகன்."

"காமுக்கு வேற மகனுங்க இருக்காங்க. அடுத்த அதிகாரத்துல பேரு வரும். ஆப்பிரிக்காவுல போயிக் குடியிருந்ததா சொல்றது அவங்களத்தான். அவங்கமேல சாபம்னு ஒரு வார்த்தை இருக்கா?"

"இல்லீங்க."

"கறுப்புன்னு?"

யாக்கோபு மேலிருந்து கீழே தேடினார். கீழிருந்து மேலே தேடினார். பக்கத்தைத் திருப்பி அடுத்த பக்கத்திலும் தேடினார். அந்தத் தடித்த விரல் அங்கே இல்லாத சொல்லைத் தேடிய தேடலை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இல்லீங்களே" என்றார் கடைசியில். "அப்ப நீங்க சொன்னது?"

"தப்பு."

"தப்பா, பொய்யாங்கய்யா?"

ஐயர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "பொய்" என்றார்.

"எதுக்குச் சொன்னீங்க?"

"எனக்குப் படிச்சுக் குடுத்தவரு சொன்னாரு. நான் தெறந்து பாக்கல. அந்த வாரம் கிறிஸ்து சாபத்தை நீக்கினார்னு பிரசங்கம். எனக்கு ஒரு உதாரணம் தேவைப்பட்டுச்சு."

உதாரணம்! மனிதர்களை விலைக்கு வாங்கி விற்றவர்கள் தங்கள் மனசாட்சியைத் தூங்கவைக்க இந்தக் கதையைத்தான் பிடித்துக்கொண்டார்கள் என்று நான் படித்திருக்கிறேன். அது எங்கோ கடலுக்கு அப்பால் நடந்தது என்று நினைத்திருந்தேன். அது கப்பலேறி, கல்லூரி வகுப்பேறி, புலாவ் செபாங் தோட்டத்துக் கோயிலில் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பையனின் தலைக்குள் போய் இறங்கியிருக்கிறது. கொண்டுபோய் இறக்கியவர் எங்கள் ஐயர்.

யாக்கோபு எழுந்தார். "தடைய நான் இப்ப எடுக்கல. யோசிக்கணும்" என்றார். மோட்டார்சைக்கிளை உதைக்கும் சத்தம் கேட்டது. சரியாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேருவாரா என்று எனக்குப் பயமாக இருந்தது.

தடையின் காரணத்தைப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் தெரியப்படுத்த வேண்டும், அதுவும் முறை. அந்த வேலை என் தலையில் விழுந்தது. எமேகாவிடம் ஆங்கிலத்தில் அதைச் சொல்லும்போது எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கள் ஊர்ப் பள்ளியிலும் ஒரு காலத்தில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள், சிஸ்டர்" என்றான். "இந்தக் கோயிலுக்கு முதல் நாள் வந்தபோது, உள்ளே உட்கார்ந்திருந்த கறுப்பு முகங்களைப் பார்த்து, அப்பாடா, இங்கே அந்தக் கதை இருக்காது என்று நினைத்தேன்."

ரூபி அழவில்லை. "கமிட்டி ரிஜெக்ட் பண்ணிடும், எனக்குத் தெரியும். அது போதுமா, சிஸ்டர்? எங்கப்பா மனசுல என் புருஷன் சாபம், அவரும் சாபம்னா, நான் யாரு கையப் பிடிச்சிக்கிட்டு உள்ள நடந்து வர்றது? அப்பா வராம நான் கல்யாணம் கட்ட மாட்டேன்லா. இவருக்கும் சொல்லிட்டேன்" என்றாள். எமேகா தலையாட்டினான். அவ்வளவுதான், முடிவு யாக்கோபு கையில் இருந்தது.

மூன்றாம் ஞாயிறு வந்தது. ஐயர் அங்கி போடாமல், வெறும் வெள்ளைச் சட்டையோடு வந்தார். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய குற்றம் செய்தவர் பீடத்துக்கு முன் நின்று சபையாரிடம் அறிக்கை செய்ய வேண்டும். பிறகு கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார வேண்டும். சபை மன்னித்துத் திரும்ப அழைக்கும்வரை நற்கருணை கிடையாது. குடித்து அடித்தவர்களையும் கோயில் காசைத் தொட்டவர்களையும் ஐயரே அங்கே அனுப்பியிருக்கிறார். அன்று அந்த இடத்தில் அவரே போய் நிற்கப்போகிறார் என்று தெரிந்ததும் மூப்பர்கள் பதறினார்கள். "ஐயா, சபை மானம் போயிடும்லா, உள்ளுக்குள்ள பேசி முடிச்சிக்குவோம்" என்றார்கள்.

"உள்ளுக்குள்ளயா சொன்னேன்? சபையிலதானே சொன்னேன்" என்றார் ஐயர்.

பீடத்துக்கு முன் போய் நின்றார். சுற்றி வளைக்கவில்லை. "நான் சின்ன வயதில் தோட்டத்துச் சபையில், கறுப்பு நிறம் சாபம் என்று பிரசங்கம் செய்தேன். வேதத்தில் அப்படி இல்லை. நான் சொன்னது பொய். போன வாரம் இங்கே தலையாட்டினவர்கள் என் பொய்க்குத்தான் தலையாட்டினீர்கள். என்னை மன்னியுங்கள். தம்பி எமேகா, நீயும் மன்னிக்க வேண்டும்." கடைசி வாக்கியத்தை ஆங்கிலத்திலும் சொன்னார். பிறகு நடுவழியாக நடந்து கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். தலையைத் திருப்பிப் பார்க்க ஒருவருக்கும் தைரியம் இல்லை.

ஓலையை நான் கையில் எடுத்தேன். தடை நிற்கும்போது கேள்வியைக் கேட்கலாமா, கூடாதா என்றே எனக்குக் குழப்பமாக இருந்தது. கேட்டுவிட்டேன். வலது, இடது, வாசல்.

யாக்கோபு வாசலுக்கு அருகில்தான் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"என் தடைய எடுத்துக்கிறேன், சிஸ்டர்" என்றார். ரூபி முகத்தைப் பொத்திக்கொண்டாள். எல்லாரும் மூச்சுவிட்டோம். ஆனால் அவர் உட்காரவில்லை. பக்கத்தில் கடைசி பெஞ்சில் இருந்த ஐயரைப் பார்த்தார்.

"எனக்குச் சொல்லிட்டீங்க. இங்க இருக்கிறவங்களுக்கும் சொல்லிட்டீங்க. அன்னிக்குத் தோட்டத்துக் கோயில்ல கேட்டவங்க பாதிப்பேரு செத்துப் போயிட்டாங்கய்யா. எங்கப்பா சாகும்போதும் அதத்தான் நம்பிக்கிட்டு செத்தாரு. அவங்களுக்கு யாரு போயிச் சொல்றது?"

அவர் கத்தவில்லை, குற்றம் சாட்டவும் இல்லை. உண்மையாகவே கேட்டார். ஐயர் எழுந்து நின்றார். "நான்தான் சொல்லணும்" என்றார்.

அடுத்த மாதம் கல்யாணம் நடந்தது, யாக்கோபு மகளின் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். ஆனால் நான் எழுத நினைத்தது அந்த ஞாயிறு மத்தியானத்தைப் பற்றி. ஆராதனை முடிந்ததும் சாப்பிடாமல்கூட ஐயரையும் யாக்கோபையும் என் காரில் ஏற்றிக்கொண்டு புலாவ் செபாங் போனேன். எமேகாவும் ரூபியும் பின்னால் வந்தார்கள். அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, எல்லாம் செம்பனை. கோயில் இருந்த இடமும் இல்லை. கல்லறைகள் மட்டும் லாலான் புல்லுக்குள் இருந்தன. யாக்கோபு புல்லை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்து, சாய்ந்துபோன ஒரு சிமெண்டுச் சிலுவைக்கு முன் நின்றார்.

"எங்கப்பா" என்றார்.

ஐயர் அதன் முன்னால் நின்றார். பிறகு, வெஸ்ட்ரியில் பேசுகிற அதே தாழ்ந்த குரலில், "ஐயா, அன்னிக்கு நான் கோயில்ல சொன்னது பொய். உங்க மேல சாபம் இல்ல" என்றார்.

யாக்கோபு அவர் பக்கத்தில் வந்தார்.

"சத்தமா சொல்லுங்கய்யா" என்றார். "அப்பாவுக்குக் கடைசி காலத்துல காது சரியா கேக்காது."